நூற்காரணமும் ஆசிரியர் வாய்மொழியும்: செங்கற்பட்டு நாட்டுச் சான்றுகள் சில

நூலொன்றைக் கற்று மகிழ்ந்தோர், அதனை ஆக்கியோனைக் கண்டு, 'இஃது உமக்கு எவ்வாறு தோன்றிற்று? எங்கிருந்து எழுதினீர்? எதனை எழுதிப் பின் அடித்தீர்?' என வினவ விழைதல் இயல்பு. அவ்வினாவும் விடையும் இந்நாளில் நேர்காணல் என்னும் பெயரால் தனியோர் எழுத்து வகையாக வளர்ந்துள்ளன. முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளின் இறுதியில், ஆசிரியருடன் நிகழ்த்திய உரையாடலைப் பின்னிணைப்பாகச் சேர்த்தலும் வழக்கமாகிவிட்டது. இவ்வகை மேனாட்டு இதழியலின் வழியே நம்மிடம் வந்தது என்பர் பலர். இதழில் அச்சேறும் வடிவத்தை நோக்க அக்கூற்று மெய்யே. வினாவை நோக்க, அஃது அத்துணை எளிதில் ஒப்புதற்குரியதன்று. அதனினும் இன்றியமையாத வினா ஒன்று உண்டு. ஆசிரியன் தன் நூலின் பிறப்பைப் பற்றித் தானே கூறுவதனை ஆராய்ச்சியாளர் எத்துணை அளவு சான்றாகக் கொள்ளலாம் என்பதே அது. இவ்விரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

சான்றுகளைச் செங்கற்பட்டு நாட்டிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் கூடுவாஞ்சேரியை அடுத்துள்ளது பொத்தேரி. எஸ்.ஆர்.எம். நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் அதன் தமிழ்ப்பேராயமும் இப்பகுதியில் உள்ளன. பேராயம் வழங்கும் விருதுகளுள் ஒன்று புதுமைப்பித்தன் பெயரால் அமைந்த படைப்பிலக்கிய விருது. பொத்தேரிக்குத் தெற்கே இரண்டாம் நிலையம் மறைமலைநகர். வடக்கே அதே பாதையில் மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரம். தெற்கே செங்கற்பட்டை அடுத்து அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பொன்விளைந்த களத்தூர். கிழக்கே கடலோரம் மாமல்லபுரம். இவ்வட்டத்துக்குள்ளேயே நம் வினாவுக்கு வேண்டுவன பல கிடைக்கின்றன. வேண்டுமிடத்துப் பிறநாட்டுச் சான்றுகளும் துணையாகக் கொள்ளப்படும்.

முதற்கண் இலக்கண நூலார் கருத்தைக் காண்போம். பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டனைக் கூறுகின்றார். கூறியபின், காலம், களம், காரணம் என மூன்றனையும் சேர்த்துரைப்பாரும் உளர் என்கின்றார். முன்னைய எட்டும் நூலைப் பற்றியவை. பின்னைய மூன்றும் நூல் பிறந்த நிகழ்ச்சியைப் பற்றியவை. எப்பொழுது, எவர் முன்னிலையில், எதன் பொருட்டு என்னும் இம்மூன்றும் இன்றைய நேர்காணலில் முதன்மையாகக் கேட்கப்படும் வினாக்களாதல் காண்க. எட்டோடு நின்றார் ஒரு சாரார், மூன்றனை ஏற்றினார் மற்றொரு சாரார் என்பதனால், நூற்பிறப்பின் வரலாறு நூலின் அறிமுகத்துள் இடம்பெற வேண்டுமா என்பது பற்றி அக்காலத்தே கருத்து வேறுபாடு இருந்தது எனக் கொள்ளலாம்.

இதனினும் நுண்ணியது வேறொரு விதி. சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் யாவர்? நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், தகுதியுடைய உரையாசிரியன் ஆகிய நால்வரே உரியர் என்கின்றது நன்னூல். ஆசிரியன் எத்துணைப் பெருநூல் யாத்தவனாயினும் தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என விலக்கி, அரசனவைக்கு ஓலை விடுத்தல் முதலிய சில இடங்களில் மட்டும் அதற்கு இடந்தருகின்றது. ஆகவே நூற்பிறப்பைக் கூறும் உரிமை ஆக்கியோனுக்கு அன்றி, அவனை அருகிருந்து அறிந்தாருக்கே வழங்கப்பெற்றது. தமிழில் ஆசிரியர் தம் படைப்புமுறையைத் தாமே விரித்துரைத்த பழஞ்சான்றுகள் அரியவாய் இருத்தற்குக் காரணம் அடக்கம் மட்டும் அன்று. அது மரபு வகுத்த உரிமைப் பங்கீடு.

அவ்வுரிமையைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு நச்சினார்க்கினியர் கூறும் கதை ஒன்று பெயர்பெற்றது. தொல்காப்பியரோடு முரண்பட்ட அகத்தியர், அவர் நூலைக் கேளாதொழிக என அதங்கோட்டாசானைப் பணித்தனராம். தொல்காப்பியரோ கேட்குமாறு வேண்டினர். இருவர்க்கும் இடைப்பட்ட அதங்கோட்டாசான், கேட்டு ஒவ்வோரிடத்தும் குற்றங்கூறுவேன் எனத் துணிந்து வினவ, தொல்காப்பியர் அவையனைத்திற்கும் விடையிறுத்தனர் என்பது கதை. இதனை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், பாயிரத்துட் கூறப்படும் அரங்கேற்றம் என்பது வாளா கேட்டிருத்தல் அன்று, வினாவும் விடையுமாய் நிகழ்வது என்னும் எண்ணம் உரையாசிரியர் காலத்தே வேரூன்றியிருந்தது என்பதற்கு அஃது ஏற்ற சான்று. வினவுவோன் நண்பனும் அல்லன், பகைவனும் அல்லன். குற்றங்காணக் கடமைப்பட்டவன். இக்கால நேர்காணல்களுள் இத்தகைய வினாவினோரைக் காண்டல் அரிதே.

இனிச் செங்கற்பட்டு நாட்டுக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அந்தகக்கவி வீரராகவர் பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். சேயூர்க் கலம்பகம், திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூருலா முதலியவை அவர் பெயரால் வழங்குகின்றன. எழுத்துகளை முதுகில் எழுதிக்காட்ட, அத்தீண்டலால் உணர்ந்து கற்றார் என்பது செவிவழிச் செய்தி. ஓலையைக் காணாத ஒருவர், மடக்கும் சிலேடையும் பயின்ற செய்யுட்களை நெஞ்சிலேயே அமைத்துப் பிறர் எழுதச் சொல்லியிருத்தல் வேண்டும் அன்றோ? அஃது எவ்வாறு இயன்றது, எத்தனை செய்யுள் ஒருங்கே நினைவில் நின்றன, எழுதுவோன் பிழைபட எழுதின் எவ்வாறு அறிந்தார் என்றெல்லாம் நாம் அறிய விழைகின்றோம். நமக்குக் கிடைப்பவையோ அவர் எவரைப் பாடினார், என்ன பரிசில் பெற்றார், எந்த அவையில் எவரை வென்றார் என்பன. தமிழ் நாவலர் சரிதை முதல் 1876ஆம் ஆண்டு அச்சேறிய விநோதரச மஞ்சரி வரை புலவர் கதைகள் பெரும்பாலும் இவ்வியல்பினவே. தனிப்பாடல் ஒவ்வொன்றும் ஒரு கதையைச் சுமந்து வருகின்றது. ஒரே பாடல் இரு புலவர் பெயரால், இரு வேறு கதைகளோடு வழங்குதலும் உண்டு. அங்ஙனமாயின் கதையிலிருந்து பாடல் பிறந்தது என்பதினும், பாடலின் பொருளை விளக்கக் கதை பின்னர் எழுந்தது என்பதே பல இடங்களில் பொருந்தும். காரணம் கூறவேண்டும் என்னும் மரபு வலுத்திருந்தது. கூறுதற்கு உரிய, அருகிருந்து அறிந்த மாணாக்கன்தான் இல்லை.

அம்மாணாக்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815-1876) 1871ஆம் ஆண்டில் பாடங்கேட்கச் சென்ற உ.வே. சாமிநாதையர், தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். பின்னர் 1940ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் தொடங்கிய என் சரித்திரத்திலும் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். இவ்விரு நூல்களையும் படைப்புமுறைச் சான்று என்னும் நோக்கில் கற்றோர் சிலரே. ஆசிரியப் பெருமைக்கும் ஏட்டுத்தேடலுக்குமே அவை பெரிதும் மேற்கோளாகின்றன.

பிள்ளையவர்கள் செய்யுள் எழுதுபவர் அல்லர், சொல்பவர். அவர் சொல்ல, மாணாக்கர் ஓலையில் எழுதுவர். அம்பர்ப் புராணத்துக்குத் தாமே அவ்வாறு எழுதியவர் ஐயர். எழுத்தாணி பிடித்த கை தளரும் அளவுக்குச் செய்யுட்கள் தொடர்ந்து வந்தமையையும், நூல் முழுதும் முடிந்தபின் அரங்கேறுவதன்றிப் பகுதி பகுதியாகப் பாடப்பெற்றே அரங்கேறியமையையும், இடையே வேறு வேலைகள் குறுக்கிட்டு நின்றுபோனமையையும் அவர் வாயிலாக அறிகின்றோம். பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்கள் ஏன் அவ்வடிவின? நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு என விரிந்து செல்லும் பகுதிகளில் ஏன் கற்பனை மிகுந்து, தலவரலாறு கூறும் பகுதிகளில் ஏன் நடை விரைகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பார், வாய்மொழியாகப் பிறந்து அவையில் உடனே விரித்துரைக்கப்பெற்ற நூல் அது என்பதனை மறத்தல் ஆகாது. குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் மீது அவர் பாடிய பிள்ளைத்தமிழையும், ஓதிக் கேட்பதற்கு அமைந்த நூலாக வைத்தே ஆராய்தல் தகும்.

செருமானியப் பெருங்கவிஞர் கோத்தேயின் உரையாடல்களை எக்கர்மன் தொகுத்து 1836ஆம் ஆண்டில் வெளியிட்டமையை இதனோடு ஒப்பிடலாம். எக்கர்மனும் மாணாக்கர் நிலையில் நின்றவரே. ஆனால் அவர், கவிஞர் மறைந்து நான்காண்டுகளுக்குள் நூலை வெளியிட்டார். ஐயர் நூலோ ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாயின பின்னர் வந்தது. நினைவு அத்துணை நாள் பிழையின்றி நிற்குமா என ஐயுறுதல் முறையே. கடிதங்களையும் உடன்பயின்றோர் வாய்மொழிகளையும் திரட்டி அவர் இவ்வையத்தை ஓரளவு போக்கினார். சொற்களைக் காட்டிலும் செயல்முறையை நினைவு உறுதியாகக் காக்கும் என்பது நம் கருத்து. ஆசிரியர் கூறியதாக அவர் எழுதும் நெடிய உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டுவதில்லை. எவ்விடத்திருந்து, எவர் எழுத, எவ்வளவு நேரம் பாடினார் என்பவற்றை நம்பலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நன்னூலின் விலக்கு நெகிழ்ந்தது. அச்சிட்ட நூலின் முன்னுரை ஆசிரியனுக்கே உரிய இடமாயிற்று. அவ்வாறு எழுந்த வாய்மொழிகளுள் மிகப் பரவியதொன்று மாமல்லபுரக் கடற்கரையில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவது. சிவகாமியின் சபதம் நூலுக்கு எழுதிய முன்னுரையில் கல்கி, பல ஆண்டுகளுக்கு முன் அக்கடற்கரையில் நிலவொளியில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடன் இருந்தபொழுது, கதைமாந்தர் தம் அகக்கண்முன் தோன்றியதாகக் கூறுகின்றார். படிப்போர் உள்ளத்தைக் கவரும் கூற்று. மாமல்லபுரத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வோர் இன்றும் இதனை எடுத்துரைப்பர்.

இக்கூற்றைப் பொய்யென்பார் யாம் அல்லேம். ஆயினும் அதனை மற்றைச் சான்றுகளோடு வைத்து நோக்குதல் வேண்டும். சிவகாமியின் சபதம் கல்கி இதழில் 1944ஆம் ஆண்டு முதல் 1946ஆம் ஆண்டு வரை தொடராக வந்தது. அதற்கு முன்னரே, 1941ஆம் ஆண்டில் தொடங்கிப் பார்த்திபன் கனவு அதே இதழில் வெளிவந்துவிட்டது. கதை நிகழும் காலத்தால் பார்த்திபன் கனவு பிந்தியது. எழுதிய காலத்தால் முந்தியது. வாதாபி வெற்றிக்குப் பிற்பட்ட நரசிம்மவர்மரையும் மாமல்லபுரத் துறைமுகத்தையும் கல்கி அந்நூலிலேயே படைத்துவிட்டார். முன்னம் கண்ட காட்சி பின்னரும், அதன் தொடர்ச்சி முன்னரும் எழுத்தாயின. ஏன்? முன்னுரையை மட்டும் ஓதி அமைவோர்க்கு இவ்வினாவே தோன்றாது. இதனை எழுப்புவது நூல்களின் காலநிரல்.

காட்சியுள் வந்தோர் யாவர் என்பதும் ஆராயத்தக்கது. ஆயனரும் சிவகாமியும் ஆசிரியர் கற்பனை. மகேந்திரவர்மரும் நரசிம்மவர்மரும் புலிகேசியும் கல்வெட்டுகளாலும் செப்பேடுகளாலும் நிலைநாட்டப்பெற்றோர். படைத்தலைவர் பரஞ்சோதி வாதாபியை அழித்த செய்தி, சிறுத்தொண்ட நாயனார் புராணத்தில் சேக்கிழாரால் கூறப்பெற்றது. அவரும் இந்நாட்டினரே. பல்லவர் ஆட்சிமுறை பற்றிய மீனாட்சி அம்மையாரின் பெருநூல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்திருந்தது. ஓரிரவில் உருவங்கள் தோன்றியிருக்கலாம். அவ்வுருவங்களுக்குப் பெயரும் குலமும் போரும் தந்தவை நெடுநாட் கல்வியும் பிறர் ஆராய்ச்சியும். முன்னுரையில் இரண்டனுள் ஒன்று ஒளிபெற்று நிற்கும், மற்றொன்று நிழலில் நிற்கும். ஆசிரியர் மறைத்தார் என்பதன்று. தம் நினைவில் எது இனிமையாகத் தங்கியதோ அதனையே எவரும் முதலிற் கூறுவர். அவ்விரவைப் பற்றிச் சான்று கூறத்தக்க அவ்விருவரும் 1954ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்: டி.கே.சி. பிப்பிரவரியில், கல்கி திசம்பரில்.

மாமல்லபுரத்தைப் பற்றியே இன்னொன்றும் கூறல் தகும். அங்கு முற்றுப்பெறாத குடைவரைகளும் இரதங்களும் பல உள. பாறையின் முகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கோடுகளை ஆழச் செதுக்கி, இடைப்பட்ட கல்லைப் பெயர்த்தெடுத்த முறை அவற்றில் இன்றும் தெரிகின்றது. வலையன்குட்டை இரதத்தையும் பிடாரி இரதங்களையும் காண்போர், மேலிருந்து கீழாக வேலை நடந்து இடையில் நின்றமையைக் கண்ணாரக் காணலாம். சிற்பியர் தம் தொழில்முறையை உரைத்துச் சென்றாரல்லர். முற்றிய கல்லும் அதனை உரையாது. முற்றாத கல் உரைக்கின்றது. அக்கற்கோயில்களை ஆக்கிய மன்னர் யார் என்பது பற்றியே, 1962ஆம் ஆண்டில் இரா. நாகசாமி, அனைத்தும் இராசசிம்மன் காலத்தன எனக் கட்டுரைத்தபின் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. மன்னன் பெயர் ஐயத்துக்கு இடனாகியும், உளிபட்ட முறை ஐயத்துக்கு இடனாகவில்லை.

எழுத்துலகில் முற்றாத கல்லுக்கு நிகராவன கைப்படிகளும் பாடவேறுபாடுகளுமே. பொத்தேரியில் விருதுக்குப் பெயர் தந்த புதுமைப்பித்தனையே எடுத்துக்கொள்வோம். அவர் காஞ்சனைத் தொகுதியின் முன்னுரையிலும் 'என் கதைகளும் நானும்' என்னும் கட்டுரையிலும் தம் கதைகளைப் பற்றித் தாமே பேசினார். உலகுக்கு அறிவுரை கூறும் பொறுப்பைக் கையுதறும் குரல் அது. படிப்போரைச் சீண்டும் குரலுங்கூட. இம்முன்னுரைகளை வாக்குமூலமாகக் கொள்வதினும், அவர்தம் கதைகளைப் போன்றே படைப்புகளாகக் கொள்வது பொருந்தும் என்போம். 1948ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், 1951ஆம் ஆண்டில் இரகுநாதன் எழுதிய வரலாறு உடனிருந்த நண்பர் கூற்றாக, நன்னூலின் நால்வருள் 'உடன்கற்றவன்' நிலையில் அமைந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்போ கதைகளைக் காலநிரலில் வைத்து, இதழ் வடிவுக்கும் நூல் வடிவுக்கும் உள்ள பாடவேறுபாடுகளைக் காட்டிற்று. முன்னுரை, நண்பர் வரலாறு, பாடவேறுபாடு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கும் சிறுகதையாசிரியர் தமிழில் மிகச் சிலரே. அவரிடத்து இம்மூன்றனையும் ஒப்புநோக்காது, முன்னுரை வரியொன்றை மட்டும் எடுத்து ஆய்வேட்டின் முடிபாக்குதல் பெருங்குறை.

நேர்காணல் என்னும் வடிவம் தமிழில் வலுப்பெற்றது கோமல் சுவாமிநாதன் ஆசிரியராயிருந்த சுபமங்களா இதழில் (1991-1995) எனலாம். அவ்விதழின் நேர்காணல்களை இளையபாரதி பின்னர் நூலாகவும் தொகுத்தார். அமெரிக்க இளைஞர் சிலர் பாரிசு நகரிலிருந்து நடத்திய பாரிசு ரெவ்யூ 1953ஆம் ஆண்டில் ஈ.எம். பார்சுடரோடு தொடங்கிய நேர்காணல் வரிசை, கைப்படியின் பக்கமொன்றையும் உடன் அச்சிட்டு எழுதுமுறையையே பெரிதும் வினவியது. தமிழ் நேர்காணல்களில் ஆசிரியரின் கொள்கை, அரசியல், சமகாலத்தோர் மீதான மதிப்பீடு ஆகியவை மிகுதி. ஒரு தொடரை ஏன் மாற்றினார் என்னும் வினா குறைவு. இதனைக் குறையென்றே கூறுவேன். கொள்கையை நூலிலிருந்தும் அறியலாம். அடித்தலும் திருத்தலும் நூலில் தெரியா. மறுபுறம், 1967ஆம் ஆண்டில் பார்த்து எழுதிய கட்டுரையை முன்னிறுத்தி ஆசிரியன் இறந்தான் என முழங்கி, இத்தகைய வாய்மொழி அனைத்தையும் புறந்தள்ளுவாரும் நம் துறைகளில் உளர். பொருள்கோடலில் ஆசிரியனுக்கு முற்றுரிமை இல்லை என்பது வேறு. நூல் ஆன முறைக்கு அவன் சான்று ஆகான் என்பது வேறு.

எவரும் வினவாது எழுதப்பெற்ற சான்றும் ஒன்று உண்டு. மறைமலையடிகள் நெடுங்காலம் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1911ஆம் ஆண்டு முதல் பல்லாவரத்தில் வாழ்ந்த அவர், 1916ஆம் ஆண்டளவில் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபின், வேதாசலம் என்னும் பெயரோடு முன்னெழுதிய நூல்களை வடசொற் களைந்து பின்னைப் பதிப்புகளில் திருத்தினார். முதலில் 1903ஆம் ஆண்டில் வெளிவந்த முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை அவற்றுள் ஒன்று. திருத்தத்தின் நோக்கத்தை அவர்தம் முன்னுரைகள் கூறும். எந்தச் சொல்லை எளிதில் விடுத்தார், எதற்கு ஈடு காண இடர்ப்பட்டார், சொல் மாறியவிடத்துத் தொடரின் ஓசையும் கருத்தும் எவ்வாறு மாறின என்பவற்றை இரு பதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டே காணல் வேண்டும். அடிகள் 1950ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் திரட்டிய நூல்கள் 1958ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயராலேயே அமைந்த நூலகத்துக்கு அடிப்படையாயின. அவர் பெயர் தாங்கிய நகரை ஒட்டியே பயிலும் பொத்தேரி மாணவர், இவ்வொப்பீட்டை முல்லைப்பாட்டு உரையின் முதற் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.